பந்தலுக்குக் கீழே நின்றவர்

பிரெஸ்னோ,
2025 ஆகஸ்ட் 10

அன்புள்ள தம்பி,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "சொந்த அண்ணனே நம்பர் தரமாட்டேன்னா வேற எவன் தருவான்" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது குரல் உயர்ந்துவிட்டது. உன் அண்ணி எழுந்து வந்து கதவோரம் நின்றாள். இதை இனிமேல் போனில் பேசினால் மறுபடியும் அங்கேதான் போய் முடியும். அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடு, பிறகு எடுத்துப் படி.

நீ கேட்டது சின்ன விஷயமாக உனக்குத் தோன்றியிருக்கும். அல்டடீனாவில் நாலு வீடு. ஜனவரித் தீயில் தப்பித்த வீடுகள். பின்கட்டில் நிழலுக்குப் போட்டிருந்த ஆனிங் மட்டும் தீப்பொறி விழுந்து துணி ஓட்டையாகி, கம்பி வளைந்து கிடக்கிறது. நாலு பேருமே புதிதாகப் போட்டுத்தரச் சொல்கிறார்கள். உன் கை வேலை எனக்குத் தெரியும். அந்த நாலையும் நீ சுத்தமாக முடிப்பாய். ஒப்பந்தத் தாளில் என் லைசென்ஸ் நம்பரை எழுதிக்கொள்கிறேன், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். எனக்கு ஒரு செலவும் இல்லை, ஒரு நாள் கூட வர வேண்டாம் என்றாய். அந்த "வர வேண்டாம்" என்ற வார்த்தைதான் என்னைச் சுட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல், நீ ஊரில் இருந்தபோது, நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். லைசென்ஸ் கிடையாது. கையில் தொழில் இருக்கிறது, ஏணி இருக்கிறது, பழைய டிரக் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். ஒரு உணவகத்தின் முன்பக்கத்துக்கு ஆனிங். பேசிய தொகை 6,800 டாலர். முன்பணம் 2,000 கொடுத்தார்கள். துணி, சட்டம், பிராக்கெட் எல்லாம் என் கிரெடிட் கார்டில் வாங்கினேன். ஐந்து நாள் வேலை. முடித்துக் கொடுத்தபோது உரிமையாளர் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இரண்டு மாதம் நடந்தேன். அந்த ஆனிங் நிழலில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் இலவச சட்ட ஆலோசனை தரும் இடம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "லைசென்ஸ் நம்பர் என்ன?"

இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கலிபோர்னியாவில் பிசினஸ் அண்ட் ப்ரொஃபெஷன்ஸ் கோடு என்று ஒரு சட்டத் தொகுப்பு. அதில் 7031-ஆம் பிரிவு. லைசென்ஸ் வேண்டிய வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்தவன் கூலி கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. வேலை நன்றாக இருந்ததா, எதிராளி ஏமாற்றினாரா என்பதெல்லாம் பேச்சே கிடையாது. அதோடு நிற்கவில்லை. கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்டு அவர் என்மேல் வழக்குப் போடலாம். அதாவது 4,800 டாலர் நிலுவைக்காக அலைந்துகொண்டிருந்த நான், வாங்கிய 2,000-ஐயும் இழக்கக்கூடிய நிலையில் இருந்தேன். "இத்தோடு விட்டுவிடுங்கள், அவருக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருப்பதே உங்கள் அதிர்ஷ்டம்" என்றார் அந்த அம்மா. விட்டுவிட்டேன். கார்டுக் கடனை அடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்த வருடம் தீபாவளிக்கு நான் ஏன் பணம் அனுப்பவில்லை என்று நீ கேட்டதற்கு டிரக் பழுது என்று சொன்னேன். டிரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு மட்டும்தான் இந்த அநியாயம் என்று அப்போது நினைத்தேன். பிறகு படிக்கும்போது தெரிந்தது, பெரிய ஆட்களும் இதே கிணற்றில் விழுந்திருக்கிறார்கள். பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அலை எழும்பும் குளம் அமைத்துக்கொடுத்த ஹைட்ரோடெக் என்ற நியூயார்க் கம்பெனி, பாக்கிப் பணம் கேட்டு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. கலிபோர்னியா லைசென்ஸ் அவர்களிடம் இல்லை. "பணம் தருவதாகப் பொய் சொல்லி எங்களை வேலை செய்ய வைத்தார்கள்" என்று கூட வாதாடிப் பார்த்தார்கள். 1991-இல் தீர்ப்பு வந்தது. ஒன்றும் கிடைக்காது என்றுதான் தீர்ப்பு. வக்கீல் வைத்து வாதாடிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் நானும் நீயும் எந்த மூலைக்கு?

சின்ன வேலைக்கு விலக்கு உண்டே என்று நீ சொன்னாய். உண்டு. இந்த வருடம் ஜனவரி முதல் அது 500 டாலரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. ஆனால் அது பொருளும் கூலியும் சேர்த்து மொத்த வேலைக்கு. பெர்மிட் தேவைப்படாத வேலையாக இருக்க வேண்டும், கூட ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெரிய வேலையை மூன்று பில்லாக உடைத்துப் போட்டாலும் செல்லாது. பத்தடி நீட்டும் ஆனிங்குக்கு அந்த ஆயிரம் காணாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, நீ பேசியிருக்கும் இடம். சாதாரண இடத்தில் லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுத்தால் முதல் தடவை ஆறு மாதம் வரை கவுண்டி ஜெயில், 5,000 டாலர் வரை அபராதம். பேரிடர் என்று அரசு அறிவித்த பகுதியில், சேதமான வீட்டைச் சரிசெய்து தருகிறேன் என்று வேலை பேசினாலே அதை ஃபெலனி என்ற பெருங்குற்றமாக எடுத்து வழக்குப் போடலாம். மூன்று வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஜனவரி 7-ஆம் தேதி ஈட்டன் தீ பற்றியதிலிருந்து அந்தப் பகுதியில் லைசென்ஸ் தரும் மாநிலப் போர்டின் ஆய்வாளர்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரர் மாதிரி போன் செய்து விலை கேட்பதும் அவர்கள் வழக்கம். உன் நாலு வீட்டுக்காரர்களும் உண்மையான வீட்டுக்காரர்கள்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாவதாக ஒரு போன் வரும், அது யார்? எத்தனை வருடம் வரிசையில் காத்திருந்து க்ரீன் கார்டு வாங்கி வந்தாய். ஒரு கிரிமினல் வழக்கு அதை என்ன செய்யும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, என் நம்பரை எழுதிக்கொண்டால் என்ன என்பது உன் கேள்வி. லைசென்ஸ் இல்லாதவனுக்குத் தன் நம்பரை இரவல் கொடுப்பது சட்டப்படி குற்றம். என் லைசென்ஸைப் பறிக்க அது ஒன்றே போதும். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். அதற்குக் காரணம் அப்பா.

உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும், ஞாபகம் இருக்குமோ என்னவோ. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று தண்ணீர்ப் பந்தல் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் சின்னமனூரில் ஒரு கல்யாணம். பெரியப்பா மகன் அதைத் தான் கட்டுவதாகச் சொல்லி, "சித்தப்பா, உங்க பேரச் சொல்லிக்கிறேன், அப்பத்தான் பொண்ணு வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்க" என்று கேட்டான். அப்பா தலையை ஆட்டிவிட்டார். பந்தல் கட்டியாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் அப்பா என்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அங்கே போனார். பந்தலுக்குள் நின்று மேலே பார்த்தார். கீற்று நெருக்கமாக, அழகாக வேய்ந்திருந்தது. மேற்குப் பக்கம் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி கூட விடவில்லை. சவுக்குக் கால் ஒன்றை ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மேற்குப் பக்கம் முழுவதையும் பிரித்து, காலை ஆழ நட்டு, திரும்பக் கட்டினார். விடிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "பேரக் குடுத்துட்டேன்டா. குடுத்தா வந்துதான ஆகணும்."

கல்யாணம் முடிந்து கடைசி ஆள் கிளம்பும் வரை அவர் அந்தப் பந்தலுக்குக் கீழேயே நின்றார். எந்தப் பந்தலாக இருந்தாலும் அவர் அப்படித்தான். நீ "வர வேண்டாம்" என்றபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர் சட்டையை என்னிடம் நீட்டிய கை.

ஊரில் அப்பாவுக்குப் போர்டு கிடையாது, நம்பர் கிடையாது. கம்பத்திலிருந்து தேனி வரை யாரைக் கேட்டாலும் பந்தல்காரர் வீட்டைக் காட்டுவார்கள். பந்தல் சாய்ந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இங்கே என்னை யாருக்குத் தெரியும்? என் பெயரை ஒழுங்காக உச்சரிக்கவே வாடிக்கையாளருக்கு இரண்டு தடவை வேண்டும். அவர்களுக்குத் தெரிவது டிரக்கின் கதவில் எழுதியிருக்கும் எண். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் அது இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த எண்ணைப் போர்டின் தளத்தில் போட்டால் நான் யார், பாண்ட் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, என்மேல் நடவடிக்கை எதுவும் உண்டா என்று எவரும் பார்க்கலாம். பந்தல்காரர் வீடு எது என்று கேட்டால் கை காட்டுகிற மாதிரிதான் அது. அந்தக் கை என் வாசலைக் காட்டும்போது வேலையைச் செய்தவன் நானாக இருக்க வேண்டும்.

நம் வேலையில் அது எவ்வளவு முக்கியம் என்பதை நீ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பதினாறு அடி அகலம், பத்தடி நீட்டம். நூற்றறுபது சதுர அடித் துணி. மணிக்கு 20 மைல் காற்று அதை அடியிலிருந்து தூக்கினால் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. மொத்தம் 160 பவுண்டு. காற்று இரட்டித்து 40 ஆனால் விசை இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது: 640 பவுண்டுக்கு மேல். அந்த விசை சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, துணியின் நடுவில் வேலை செய்கிறது. பிராக்கெட்டில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் நடுவே எட்டு அங்குலம் இருந்தால், நெம்புகோல் மாதிரி அது ஏழரை மடங்காகப் பெருகி ஸ்க்ரூக்களைப் பிடுங்கப் பார்க்கும். நீயும் நானும் ஸ்டக்கோ சுவரில் வேலை செய்கிறோம். ஸ்டக்கோ வெறும் பூச்சு. அது எதையும் தாங்காது. பின்னால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் ஸ்டட் மரத்தில் லாக் ஸ்க்ரூ நடுவாக இறங்கியிருக்கிறதா, ஓரத்தில் சீவிக்கொண்டு போயிருக்கிறதா என்பது துளை போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். ட்ரில் பிட் மரத்தைத் தொடும்போது வரும் சத்தமும் மரத்தூளின் நிறமும் சொல்லிவிடும். வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் நீ காற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாய். மேலே சிலிகான் பூசி, மூடி போட்டுவிட்டால் பிறகு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சுவரில் என் நம்பர் எப்படி நிற்கும்?

இவ்வளவும் சொல்வது உன்னைத் தடுப்பதற்கு என்று நினைக்காதே. உனக்கு லைசென்ஸ் கிடைக்கும். கிடைப்பதற்கு வேண்டியதில் பெரும்பகுதியை நீ ஏற்கெனவே முடித்துவிட்டாய். நீ அதைப் பெரிய மலையாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் குறுக்குவழி தேடுகிறாய்.

நம் தொழிலுக்கு உரியது சி-61 என்ற சிறப்புப் பிரிவில் வரும் டி-3, ஆனிங். இதற்குத் தொழில் தேர்வு கிடையாது. சட்டமும் வியாபாரமும் பற்றிய ஒரு தேர்வு மட்டும்தான். ஆனால் கடைசிப் பத்து வருடத்துக்குள் நாலு முழு வருடம் அனுபவம் வேண்டும். அனுபவம் என்றால் ஏணி பிடித்த நாள் கணக்கில் வராது. யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தராமல் நீயாக ஒரு ஆனிங்கை அளந்து, மாட்டி, முடிக்கத் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஜர்னிமேன் என்கிறார்கள். நீ வந்து ஐந்தரை வருடம் ஆகிறது. முதல் எட்டு மாதத்தைக் கழித்துவிடு. மிச்சமே நாலு வருடம் பத்து மாதம்.

உன் பயம் எனக்குத் தெரியும். முதலாளியிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் போட்டியாக வரப்போகிறான் என்று வேலையிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்று. எனக்கும் அதே பயம்தான் இருந்தது. அப்போது என் முதலாளி படிவத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது. ஆனால் முதலாளிதான் போட வேண்டும் என்று எங்கும் இல்லை. உன் வேலையை நேரில் பார்த்த ஃபோர்மேன் போடலாம், கூட வேலை செய்த இன்னொரு ஜர்னிமேன் போடலாம், வேறொரு காண்ட்ராக்டர், பில்டிங் இன்ஸ்பெக்டர் கூடப் போடலாம். கண்ணால் கண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் போட்டவர் எங்கள் பழைய ஃபோர்மேன். மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து வந்தவர், அப்போதே அறுபதைத் தாண்டியிருந்தார். டாக்கோ வண்டிக்குப் பக்கத்தில் டிரக்கின் பின்கதவை இறக்கி, அதன்மேல் படிவத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பொய் சொன்னால் தண்டனை என்று அச்சிட்டிருக்கும் வரியை இரண்டு தடவை படித்தார். நான் ஐந்து வருடம் என்று போடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மொடெஸ்டோ பள்ளிக்கூட வேலையில்தான் நான் முதன்முதலாகத் தனியாக மாட்டினேன் என்று சொன்னார். மாதம் சொன்னார், அன்று மழை பெய்ததைக் கூடச் சொன்னார். விரல் விட்டு எண்ணி, நாலு வருடம் இரண்டு மாதம் என்று எழுதினார். "நான் பார்த்தது இவ்வளவுதான்" என்றார். எனக்கு அந்த நேரத்தில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு போர்டு என் விண்ணப்பத்தைச் சரிபார்க்க எடுத்தபோது அவர் எழுதிய ஒவ்வொரு மாதமும் என் சம்பளச் சீட்டோடு பொருந்தியது. விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்றையாவது அவர்கள் தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நான் கேட்டபடி ஐந்து என்று போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அவருக்கு நான் பட்ட கடன் அது. போன வருடம் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன், உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை.

அதனால் உன் ஃபோர்மேனிடம் பேசு. அவர் எவ்வளவு எழுதுகிறாரோ அதை வாங்கிக்கொள், கூடக் கேட்காதே. சம்பளச் சீட்டு, டபிள்யூ-2 வரிப் படிவம் எல்லாவற்றையும் வருட வாரியாக ஒரு உறையில் போட்டு வை.

பணம் பற்றியும் நீ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். 25,000 டாலர் பாண்ட் என்றதும் அவ்வளவையும் கட்ட வேண்டும் என்று பயந்துவிட்டாய். 2023-இல்தான் அது 15,000-லிருந்து 25,000 ஆனது. நீ கட்டுவது அதற்கான வருடாந்திர பிரீமியம் மட்டும். உன் கிரெடிட்டைப் பொறுத்து அது அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள், அது உன்னைக் காக்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. நீ ஒருவருக்கு நஷ்டம் வைத்து, பாண்ட் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்தால், அதை உன்னிடமிருந்து திரும்ப வசூலிப்பார்கள். விண்ணப்பத்துக்கு 450 டாலர். தேறிய பிறகு தனி ஆள் லைசென்ஸுக்கு 200. கைரேகைக்குக் கொஞ்சம். ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு தேர்வு இருக்கிறது, அது புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் வொர்க்கர்ஸ் காம்ப் இன்ஷூரன்ஸ் கட்டாயம். உன் நண்பனைத் தினக்கூலிக்குக் கூட்டிப்போகிறேன் என்றாயே, அவன் ஏணியிலிருந்து விழுந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தாயா?

தேர்வு கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு அந்த இங்கிலீஷ் ஒரு சுவர் மாதிரி நிற்கும். முதல் தடவை நான் தேறவில்லை. ஒப்பந்தம், வரி, கூலிச் சட்டம் எல்லாம் ஒருவாறு புரிந்தது. லீன் என்ற பகுதியில் போய் முட்டிக்கொண்டேன். இரண்டாவது தடவைக்கு அதை மட்டும் மூன்று வாரம் படித்தேன். ஒரு நாள் சட்டென்று விளங்கியது. வேலை முடித்தும் பணம் வரவில்லையென்றால், லைசென்ஸ் உள்ளவன் 90 நாளுக்குள் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் அந்தச் சொத்தின்மேல் தன் பாக்கியைப் பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் வேலை முடிந்ததற்கான அறிவிப்பைப் பதிவு செய்துவிட்டால் நமக்கு 60 நாள்தான். பதிவு செய்த 90 நாளுக்குள் வழக்குப் போட்டால், அந்தச் சொத்தை விற்றாவது பாக்கியைத் தரவைக்க முடியும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். 2014-இல் அந்த உணவகத்தின் வாசலில் நான் நடந்த நடையெல்லாம் ஒரு நம்பருக்குள் அடங்கியிருந்தது. அடுத்த மாதம் தேறினேன். 2018-இல் சாக்ரமெண்டோவிலிருந்து லைசென்ஸ் வந்தது. அதிலிருந்து ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் லீன் பதிவு செய்தேன். பத்தாம் நாள் பணம் வந்துவிட்டது.

நீ படிக்க நான் கூட இருப்பேன். போர்டு இலவசமாகத் தரும் படிப்பு வழிகாட்டி என்னிடம் இருக்கிறது. லீன் பகுதிக்கு நான் தமிழில் எழுதிவைத்த நோட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் போனில் உட்காருவோம்.

இப்போது அந்த நாலு வீடு. அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. வீடு தப்பியதே பெரிது என்று இருப்பவர்கள், பின்கட்டில் உட்கார நிழல் கேட்கிறார்கள், அதைச் செய்து கொடுக்க வேண்டியதுதான். ஆனால் நான் வருவேன். நானே ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசுவேன்; வீடு தேடிப் போய் ஒப்பந்தம் பேசும் ஆளுக்குப் போர்டில் தனிப் பதிவு வேண்டும், உனக்கு இன்னும் அது இல்லை. ஒப்பந்தத்தை நான் எழுதுவேன். அல்டடீனா தனி நகராட்சி இல்லை, பெர்மிட் எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிதான். ஜன்னலுக்கு மேலே 54 அங்குலத்துக்குள் நீட்டும் சின்ன ஆனிங்குக்குப் பெர்மிட் தேவையில்லை என்று விதியில் இருக்கிறது. நம்முடையது பத்தடி, அதனால் நானே கவுண்டர் வரை போய்க் கேட்டுவிடுகிறேன். மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டிய வீட்டில் சி-10 லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வரவழைப்போம். நீ என் சம்பளப் பட்டியலில், என் இன்ஷூரன்ஸில், சனி ஞாயிறு வேலைக்கு வருகிறாய். உன் கம்பெனியில் இதை மறைக்காமல் சொல்லிவிடு. கூலி ஃபோர்மேன் கணக்கில் தருகிறேன். துளை நீ போடு. ஒவ்வொரு மேல் ஸ்க்ரூவையும் இறுக்குவதற்கு முன்னால் நான் ஏணியில் ஏறிப் பார்ப்பேன், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. மூன்றாவது வீட்டு அம்மாவிடம் 2,500 டாலர் முன்பணம் வாங்கியதாகச் சொன்னாய். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும் என்றும் சொன்னாய். லைசென்ஸ் உள்ள நானே வீட்டு வேலைக்கு முன்பணமாக வாங்கக்கூடியது ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது. அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. அந்தப் பணத்தை நாளைக்கே திருப்பிக் கொடு. செலவாகியிருந்தால் எனக்கு மெசேஜ் போடு, நான் அனுப்புகிறேன். நேரில் போய்க் கொடு, ரசீது வாங்கிக்கொள், அடுத்த சனிக்கிழமை அண்ணன் வந்து அளவெடுப்பார் என்று சொல்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பி 99-இல் இறங்கி வருகிறேன். ராத்திரி உன் வீட்டில் தங்கிவிட்டு விடியற்காலையில் மலையேறி அல்டடீனாவுக்குப் போவோம். என் பெரிய ஏணி வரும், உன்னுடையதை ஏற்றாதே. ஸ்டட் தேடும் கருவி மட்டும் உன்னுடையது நல்லது, அதை எடுத்து வை.

உன் அண்ணி கோபமாக இல்லை என்று சொல்லச் சொன்னாள். நானும்தான்.

உன்
அண்ணன்